அமிலம் விற்றால் ஐதரசன் மிச்சம்

தண்ணீரை மின்பகுத்தால், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால், கதோட்டில் (மறை மின்வாயில்) ஐதரசனும் அனோட்டில் (நேர் மின்வாயில்) ஒட்சிசனும் வரும் என்பது உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவருக்கும் மனப்பாடம். அந்த ஒட்சிசனை என்ன செய்வது என்று மட்டும் வினாத்தாள்கள் கேட்பதில்லை. ஒரு கிலோ ஐதரசனுடன் எட்டுக் கிலோ ஒட்சிசன் பிறக்கிறது. மின்பகுப்பு ஆலைகளில் பெரும்பாலானவை அதைக் காற்றில் விட்டுவிடுகின்றன. அப்படி விடப்படும் வாயுவை உண்டாக்குவதற்குத்தான் ஆலையில் வீணாகும் மின்சாரத்தின் பெரும்பகுதியும் போகிறது.

அப்படியானால் ஒட்சிசனை ஏன் உண்டாக்க வேண்டும்? அனோட்டில் தண்ணீருக்குப் பதிலாகக் கிளிசரோலையோ எதனோலையோ சீனியையோ வைக்கோலிலிருந்து எடுத்த அல்டிகைட்டு என்ற வகைச் சேதனப் பொருளையோ ஒட்சியேற்றினால், அதாவது அதிலிருந்து இலத்திரன்களைக் கழற்றினால், என்ன? கதோட்டில் வழக்கம்போல ஐதரசன் வரும். அனோட்டில் சந்தையில் விலைபோகும் ஓர் அமிலம் வரும். மின்சாரமும் குறையும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மின்னூக்கி (மின்வாயில் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்) ஆய்வுகளில் மிகவும் சூடான பகுதிகளில் ஒன்றாக இது இருக்கிறது. இரும்பு, நிக்கல், கோபாற்று, செம்பு போன்ற மலிவான உலோகங்களால் ஆன புதிய ஊக்கிகள் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. ஒவ்வொன்றும் “மலிவான பசுமை ஐதரசன்” (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் எடுத்த ஐதரசன்) என்ற தலைப்புடனேயே வருகிறது.

அந்தத் தலைப்பு வாசகரைத் தவறான இடத்துக்குக் கூட்டிச் செல்கிறது என்பது என் எண்ணம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அறுவடைக்குப் பிறகு வயலில் எரியும் வைக்கோலையும், சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைகளுக்குப் பின்னால் குவியும் உமியையும், ஹிங்குராணைச் சீனி ஆலையில் பிழிந்தெடுத்த கரும்புச் சக்கையையும் பார்க்கிறவருக்கு, “இதிலிருந்து ஐதரசன் எடுத்தால் என்ன, அதிலிருந்து யூரியா செய்தால் என்ன” என்ற ஆசை வருவது இயல்பு. 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பெரும்போகத்துக்கு யூரியா கிடைக்காமல் வேளாண்மை செய்தவர்களுக்கு அந்த ஆசை இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால், ஒட்சிசன் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ற்று போதும். உண்மையான ஆலைகள் 1.7 முதல் 2 வோல்ற்று வரை கொடுக்கின்றன. இந்த வேறுபாட்டில் ஐதரசன் பக்கத்தின் பங்கு சிறியது. இரண்டு இலத்திரன்களைப் பெற்று இரண்டு அணுக்கள் சேர்ந்தால் அங்கே வேலை முடிந்துவிடுகிறது. ஒட்சிசன் பக்கத்தில் நான்கு இலத்திரன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்ற வேண்டும். இடையில் மூன்று இடைநிலைப் பொருட்கள் ஊக்கியின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கின்றன. சிக்கல் இங்கேதான். அவற்றில் ஒன்றை இறுக்கிப் பிடிக்கும் உலோகம் மற்றொன்றையும் இறுக்கியே பிடிக்கிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள சத்தி இடைவெளி ஏறத்தாழ எல்லா ஒட்சைட்டுகளிலும் 3.2 இலத்திரன்வோல்ற்று அளவிலேயே நிற்கிறது. இருக்க வேண்டியதோ 2.46. ஊக்கியை எப்படி மாற்றினாலும் இந்த இடைவெளி அசைய மறுக்கிறது. சிறந்த ஊக்கிக்கும் 0.3, 0.4 வோல்ற்று மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். அமில ஊடகத்தில் இயங்கும் மின்பகுப்புக் கலங்களுக்கு இரிடியமும் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில தொன் இரிடியம்தான் கிடைக்கிறது, அதிலும் பெரும்பகுதி தென்னாபிரிக்காவிலிருந்து.

வோல்ற்றளவைக் காசாக மாற்ற எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிலோ ஐதரசனுக்குத் தேவையான மின்னேற்றம் மாறாதது. ஆகவே கலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் ஏறத்தாழ 26.6 அலகு மின்சாரம் செலவாகும். அலகு என்று நான் சொல்வது மின்பட்டியலில் வரும் அதே கிலோவாற்று மணிதான். 1.8 வோல்ற்றில் இயங்கும் கலம் ஒரு கிலோவுக்கு 48 அலகு கேட்கும். 1.4 வோல்ற்றுக்கு இறக்கினால் 37 அலகு. பத்தில் ஒரு வோல்ற்றைக் குறைத்தாலே 2.66 அலகு மிச்சம். ஊக்கி ஆய்வாளர்கள் சில பத்து மில்லிவோல்ற்றுக்காக மல்லுக்கட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

அனோட்டில் சேதனப் பொருளை இட்டால் எவ்வளவு இறங்கும்? வெப்ப இயக்கவியலைக் கேட்டால் மிக அதிகம் என்று சொல்லும். கிளிசரோல், எதனோல், குளுக்கோசு எல்லாம் தண்ணீரைவிட எத்தனையோ எளிதாக ஒட்சியேறக்கூடியவை. யூரியாவைக்கூட ஒட்சியேற்றலாம். கோட்பாட்டளவில் அதற்கு 0.37 வோல்ற்று போதும். 2009இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஜெரார்டின் போற்றின் குழு நிக்கல் மின்வாயில் அதைச் செய்து காட்டியது. யூரியாவிலிருந்து கிடைப்பது நைதரசனும் காபனேற்றும் மட்டுமே என்பதால் விற்க எதுவும் மிஞ்சாது. கழிவுநீரைச் சுத்தப்படுத்த மட்டும் உதவும். உரத்துக்கு வரிசையில் நின்ற ஊரில் யூரியாவை உடைத்து ஐதரசன் எடுக்கும் கதையை நீட்ட எனக்கு மனமில்லை.

கோட்பாட்டுக்கும் கலத்துக்கும் இடையில் நிக்கல் குறுக்கே நிற்கிறது. கார ஊடகத்தில் மலிவாகவும் உறுதியாகவும் வேலைசெய்யும் உலோகம் அதுதான். ஆனால் நிக்கல் ஐதரொட்சைட்டு சும்மா கிடந்தால் எதையும் ஒட்சியேற்றாது. முதலில் அது ஓர் இலத்திரனை இழந்து நிக்கல் ஒட்சிஐதரொட்சைட்டாக மாற வேண்டும். அந்தக் கரிய படலம்தான் அற்ககோலிலிருந்தோ சீனியிலிருந்தோ ஐதரசனைப் பறிக்கிறது. பறித்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி மின்சாரத்தால் புதுப்பிக்கப்படுகிறது. 1971இலேயே மார்ட்டின் பிளைஷ்மனும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை விளக்கிவிட்டார்கள். 1989இல் “குளிர் அணுப்பிணைவு” என்று அறிவித்து உலகத்தையே பரபரப்பாக்கி, பின்னர் பெயரைக் கெடுத்துக்கொண்டாரே, அதே பிளைஷ்மன்தான். அவருடைய நிக்கல் வேலை இன்றுவரை நின்று பயன்தருகிறது.

நிக்கல் மாறுவதற்கு ஏறத்தாழ 1.35 வோல்ற்று வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு எளிதாக ஒட்சியேறும் பொருளைக் கொட்டினாலும் கலம் அசையாது. எனவே நிக்கல் வழியில் கிடைக்கும் சேமிப்பு, கோட்பாடு காட்டும் பெரிய தொகை அல்ல; கலத்துக்கு 0.2 முதல் 0.4 வோல்ற்று வரையிலான சிறிய தொகை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் நிக்கலும் இரும்பும் சேர்ந்த ஊக்கியால் குளுக்கோசைக் குளுக்காரிக் அமிலமாக்கியபோது, சதுர சென்ரிமீற்றருக்கு 100 மில்லியம்பியர் மின்னோட்டத்தில் கலம் 1.39 வோல்ற்றில் இயங்கியது. பிளாற்றினம், பொன், பலேடியம் போன்றவை இதைவிட மிகத் தாழ்ந்த வோல்ற்றளவில் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் ஒட்சியேற்றத்தின்போது உருவாகும் காபனோரொட்சைட்டு அவற்றின் மேற்பரப்பில், குறிப்பாகப் பிளாற்றினத்தில், ஒட்டிக்கொண்டு சீக்கிரமே அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. விலையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

செம்பின் கதை வேறு. நான் இந்தத் துறையில் மிகவும் அழகானது என்று கருதுவது இதைத்தான். அல்டிகைட்டுகள் காரக் கரைசலில் தண்ணீருடன் சேர்ந்து ஒரு புதிய வடிவம் எடுக்கின்றன. அந்த வடிவத்தில் உள்ள காபன்–ஐதரசன் பிணைப்பைச் செம்பு மிகத் தாழ்ந்த வோல்ற்றளவிலேயே அறுத்துவிடுகிறது. அறுந்த ஐதரசன் அணு பிளாற்றினத்தில் என்றால் உடனே இலத்திரனை இழந்து தண்ணீராகிப் போகும். செம்பில் அப்படிப் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் மற்றோர் ஐதரசன் அணுவுடன் சேர்ந்து வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. அதாவது அனோட்டிலும் ஐதரசன், கதோட்டிலும் ஐதரசன். ஒரே மின்னோட்டத்துக்கு இரண்டு மடங்கு வாயு. 2022இல் சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகத்தில் ஷுவாங்யின் வாங்கின் குழு இந்த வழியில் ஒரு கன மீற்றர் ஐதரசனுக்கு ஏறத்தாழ 0.35 அலகு மின்சாரமே செலவானது என்று காட்டியது. வழக்கமான முறையில் அதற்கு 5 அலகு வேண்டும். வோல்ற்றளவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் செம்பின் மேற்பரப்பு ஒட்சைட்டாகி இந்த வித்தை நின்றுபோகிறது என்பது அதன் பலவீனம்.

அல்டிகைட்டு என்றவுடன் மட்டக்களப்பு வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். காரணம் ஃபர்ஃபுரால். வைக்கோல், உமி, கரும்புச் சக்கை ஆகியவற்றில் உள்ள ஐங்காபன் வெல்லங்களை ஐதான சல்பூரிக் அமிலத்துடன் நீராவியில் வேகவைத்தால் கிடைக்கும் அல்டிகைட்டு அது. இதில் புதுமை எதுவும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், தன் ஆலையில் மலையாகக் குவிந்த ஓட்ஸ் உமியை என்ன செய்வது என்று தெரியாமல், அதிலிருந்து ஃபர்ஃபுரால் எடுத்து விற்கத் தொடங்கியது. சம்மாந்துறை ஆலைக்காரர்கள் இன்று கேட்கும் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் கிடைத்த விடை.

இனி அந்த ஆசைக் கணக்கைப் போடலாம். ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றைச் செய்ய ஐந்து கிலோ ஐதரசன் வேண்டும். ஃபர்ஃபுராலை ஃபுரோயிக் அமிலமாக மாற்றும்போது, நிக்கல் வழியானாலும் செம்பு வழியானாலும், ஒரு கிலோ ஐதரசனுக்கு 48 கிலோ ஃபர்ஃபுரால் செலவாகும். ஐந்து கிலோவுக்கு 240 கிலோ. நூறு கிலோ வைக்கோலிலிருந்து நடைமுறையில் பத்துக் கிலோ ஃபர்ஃபுரால் கிடைத்தால் பெரிய காரியம். ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கான ஐதரசனுக்கு இரண்டரைத் தொன் அளவு வைக்கோல் வேண்டும். ஓர் ஏக்கர் வயலில் நல்ல போகத்தில் கிடைக்கும் வைக்கோல் ஏறத்தாழ இரண்டு தொன். அந்த ஏக்கருக்கு ஒரு போகத்தில் போடும் யூரியா ஏறத்தாழ இரண்டு மூடை. வயலின் வைக்கோல் முழுவதையும் அள்ளிக் கொடுத்தாலும், அந்த வயலுக்கு வேண்டிய யூரியாவில் பாதியைக்கூட எட்ட முடியாது.

வைக்கோல் அப்படி முழுவதும் சும்மா கிடப்பதும் இல்லை. படுவான்கரையில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டால் அதன் விலை தெரியும். பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. அதை அள்ளிக்கொண்டு போனால் மண் மெலியும். ஆய்வுக் கட்டுரைகளில் “விவசாயக் கழிவு” என்று ஒரு சொல்லில் கடந்து போவதைக் களத்தில் நிற்பவர் அப்படிக் கடக்க மாட்டார். 1950களில் வாழைச்சேனையில் தொடங்கிய காகித ஆலையும் வைக்கோலை மூலப்பொருளாக நம்பித்தான் கட்டப்பட்டது. பரவலாகக் கிடக்கும், எடை குறைந்த, இடத்தை அடைக்கும் ஒரு பொருளைச் சேர்த்துக் கொண்டுவரும் செலவு எந்தத் திட்டத்தையும் சோதிக்கும்.

ஐதரசனுக்காக இந்தத் தொழில்நுட்பத்தைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு கதவை மூடிவிடுகிறது. ஆனால் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து படியுங்கள். ஒரு கிலோ ஐதரசன் வரும்போது 56 கிலோ ஃபுரோயிக் அமிலம் வருகிறது. கிளிசரோலைப் போமிக் அமிலமாக்கினால் ஒரு கிலோ ஐதரசனுடன் 17 கிலோ அமிலம். எதனோலை வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமாக்கினால் 15 கிலோ. குளுக்கோசைக் குளுக்கோனிக் அமிலமாக்கினால் 97 கிலோ! அரிசி ஆலைக்கு நெல் கொண்டுபோகிறவர் அரிசிக்காகப் போகிறார், தவிடு கூடவே வருகிறது. தவிட்டுக்கும் விலை உண்டு, ஆனால் தவிட்டுக்காக எவரும் நெல் குத்துவதில்லை. இந்தக் கலத்தில் ஐதரசன்தான் தவிடு.

உலக அளவிலும் இதே நிலைதான். 2023இல் உலகம் பயன்படுத்திய ஐதரசன் ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் தொன். அதில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானதே தூய வழியில் வந்தது. எஞ்சியதில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் போமிக் அமிலம் பத்து இலட்சம் தொன்னை ஒட்டியது. அது முழுவதையும் கிளிசரோலை மின்பகுத்தே செய்தாலும் கூடவே கிடைக்கும் ஐதரசன் 58,000 தொன். மொத்தத் தேவையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மேல் செய்தால் அமிலம் விலையில்லாமல் தேங்கும். பசுமை ஐதரசனை வானளாவ உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் கனவுகளுக்கு இந்தக் கலம் உதவாது. 2023இல் வெளியான இலங்கையின் தேசிய ஐதரசன் வழிவரைபடம் பேசும் அளவுகளுக்குப் பழைய தண்ணீர் மின்பகுப்புத்தான் கதி.

ஒரு பக்கம் ஐதரசனும் மறுபக்கம் விற்கும் பொருளும் தரும் மின்பகுப்பு நமக்குப் புதியதும் அல்ல. 1950களில் உருவான பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுத்து, எரிசோடாவும் குளோரினும் செய்தது. போர் அதை எண்பதுகளில் முடக்கும் வரை நாட்டின் குடிநீரைச் சுத்திகரிக்கக் குளோரின் அங்கிருந்து போயிற்று. அங்கும் கதோட்டில் ஐதரசன் வந்தது. ஒரு தொன் குளோரினுக்கு 28 கிலோ. பரந்தனை எவரும் ஐதரசன் தொழிற்சாலை என்று அழைத்ததில்லை. குளோரின் விலைபோனதால் அது நின்றது. புதிய ஊக்கிகளைப் பற்றி நினைக்கும்போது வாயுவைவிடப் பரந்தனை நினைப்பது தெளிவைத் தரும்.

அப்படியானால் இங்கே எந்த அமிலம் விலைபோகும்? ஃபுரோயிக் அமிலத்துக்கு உலகச் சந்தையே சிறியது. எதனோல் ஹிங்குராணையில் கரும்புப் பாகிலிருந்து வடிக்கப்படுகிறது. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு அதற்கு மதுபானத் துறையில் உறுதியான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சாராயத்தை வினாகிரியாக்க விரும்பும் வியாபாரியை நான் இன்னும் காணவில்லை. பிளாஸ்டிக் போத்தல்களுக்கான மூலப்பொருளை ஆறு காபன் வெல்லங்களிலிருந்து மின்னூக்கியால் செய்யும் வழி, 2015இல் விஸ்கொன்சினில் கியோங்-ஷின் சோய் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஆனால் அதை வாங்கிப் போத்தலாக்கும் தொழிற்சாலை இந்தத் தீவில் இல்லை.

போமிக் அமிலம் மட்டும் வேறுபடுகிறது. இறப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்க இலங்கை அதைத்தான் பயன்படுத்துகிறது, இறக்குமதி செய்து. அம்பாறைக்கு அடுத்துள்ள மொனராகலையில் இறப்பர் பரவிவிட்டது. அம்பாறையின் மேற்கு ஓரத்திலும் நடப்பட்டிருக்கிறது. மூலப்பொருளாகக் கிளிசரோல் இங்கே போதிய அளவில் கிடைக்காது. உலகில் அது மலிந்து கிடப்பது உயிரி டீசல் செய்யும் நாடுகளில்தான், டீசல் எடையில் பத்தில் ஒரு பங்காக. நமக்கு அந்தத் தொழில் இல்லை. ஆனால் சீனியையும் அதே வழியில் காபன் காபனாக உடைக்கலாம். குளுக்கோசு ஒரு மூலக்கூறிலிருந்து ஆறு போமிக் அமில மூலக்கூறுகள் வரும். 15 கிலோ குளுக்கோசிலிருந்து, எல்லாம் சரியாக நடந்தால், 23 கிலோ அமிலமும் ஒரு கிலோ ஐதரசனும் வரும். நிக்கலும் கோபாற்றும் இந்த உடைப்பைச் செய்யக்கூடியவை. சீனியாக இனியும் பளிங்காக்க முடியாத கரும்புப் பாகில் வெல்லம் நிறைய இருக்கிறது.

“எல்லாம் சரியாக நடந்தால்” என்பதில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. ஊக்கிகளைப் பற்றிய செய்திகள் பேசாமல் விடும் இடமும் அதுவே.

முதலாவது சிக்கல் காரம். இந்தக் கலங்கள் பெரும்பாலும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இயங்குகின்றன. அதில் உருவாகும் போமிக் அமிலம் உடனே பொற்றாசியம் போமேற்றாக மாறிவிடும். கட்டுரைத் தலைப்பில் அமிலம், குடுவையில் உப்பு. குளிர்நாடுகளில் அந்த உப்பை விமான ஓடுபாதைகளில் பனிக்கட்டியைக் கரைக்கத் தூவுகிறார்கள். மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு அந்தத் தேவை எழப்போவதில்லை. அமிலம் வேண்டுமானால் சல்பூரிக் அமிலம் சேர்த்து உப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அப்போது ஒரு கிலோ போமிக் அமிலத்துக்கு 1.9 கிலோ பொற்றாசியம் சல்பேற்று மிஞ்சும். வேறிடத்தில் இது தொல்லை. இங்கே பொற்றாசியம் சல்பேற்று உரம். மரக்கறித் தோட்டத்துக்கும் புகையிலைக்கும் போடக்கூடியது. இறப்பர் உறைய வைக்க மிக ஐதான அமிலமே போதும் என்பதால், கரைசலை 85 சதவீதம் வரை செறிவாக்கும் பெருஞ்செலவையும் தவிர்க்க இடமிருக்கிறது. இது யோசனைதான்; மிஞ்சும் மற்றப் பொருட்கள் இறப்பரின் தரத்தைக் கெடுக்காதா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். காரத்தை வாங்கும் விலையும் கணக்கில் ஏற வேண்டும். என் கணிப்பில் இந்தத் தொழில் பிழைப்பதும் சாவதும் அந்த விலையில்தான்.

இரண்டாவது, மூலப்பொருளின் சுத்தம். ஆய்வுகூடத்தில் போத்தலிலிருந்து வரும் குளுக்கோசு வெண்மையானது. பாகு கறுப்பானது. அதில் கல்சியமும் சல்பேற்றும் நிறப்பொருட்களும் நிறைந்திருக்கின்றன. அவை ஊக்கியின் மேல் படியும், இரு மின்வாய்களையும் பிரித்து நிற்கும் மென்சவ்வை அடைக்கும். செறிந்த காரத்தில் சீனியே சும்மா இராது. மின்சாரம் பாயாதபோதும் அது தானாகச் சிதைந்து பழுப்பு நிறமாகும். ஃபர்ஃபுராலும் அப்படித்தான். காரத்தில் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்சியேற்றித் தாழ்த்தி, பாதி அமிலமாகவும் பாதி அற்ககோலாகவும் மாறிவிடும். மின்சாரமே இல்லாமல் சரக்கில் ஒரு பகுதி கைநழுவிப் போகும். மூலப்பொருளைக் குளிராக வைத்திருந்து, கலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விரைவாக வெளியே எடுக்கும் அமைப்பு வேண்டும். அதை வடிவமைப்பது இரசாயனப் பொறியியலாளரின் வேலை. புதிய ஊக்கியைக் கண்டுபிடிப்பவர் அதைப் பெரும்பாலும் அடுத்தவருக்கு விட்டுவிடுகிறார்.

மூன்றாவது, காலம். தண்ணீர் மின்பகுப்புக் கலங்கள் 60,000 மணித்தியாலங்களுக்கு மேல் இயங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றன. சேதனப் பொருட்களில் வேலைசெய்யும் புதிய ஊக்கிகளை ஆய்வுகூடங்கள் பல தடவை பத்து, நூறு மணித்தியாலங்களுடன் நிறுத்திக்கொள்கின்றன. மின்னோட்டமும் தொழிற்சாலை அளவை எட்டுவது குறைவு. செறிவு குறைந்த கரைசலில் மிகத் தூய விளைபொருள் வந்தது என்று படிக்கும்போது, அதே தூய்மை செறிந்த கரைசலிலும் வந்ததா என்று கேட்பது நல்ல பழக்கம். பெரும்பாலும் அங்கேதான் பேச்சு தடுமாறும்.

இவ்வளவு குறைகளுக்கு எதிராக ஒரு நிறை இருக்கிறது. கிழக்குக்கு அது பெரிது. வழக்கமான தண்ணீர் மின்பகுப்புக் கலத்தில் மின்சாரம் குறைந்து ஓடும்போது, ஐதரசன் மென்சவ்வைக் கடந்து ஒட்சிசனுடன் கலக்கும் விகிதம் கூடிவிடும். அது வெடிக்கும் கலவை. ஆகவே சூரியன் மேகத்துக்குள் போகும்போதெல்லாம் அந்தக் கலத்தை நிறுத்த வேண்டிவரும், அல்லது வலைப்பின்னல் மின்சாரத்தால் தாங்க வேண்டிவரும். அனோட்டில் ஒட்சிசனே வராத கலத்துக்கு இந்த அச்சம் பெருமளவு இல்லை. வெயிலுடன் ஏறி இறங்கி ஓடலாம். வவுணதீவில் சூரிய மின்னுற்பத்தி நிலையம் இயங்குகிறது. காத்தான்குடி முதல் கல்முனை வரை கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நாடு முழுவதும் கேட்கப்பட்டது. நண்பகலில் வேண்டாம் என்று சொல்லப்படும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள, எப்போது வேண்டுமானாலும் தொடங்கி நிறுத்தக்கூடிய ஒரு கலம் பொருத்தமான வாடிக்கையாளர். பெரும்போக அறுவடைக்குப் பின் வரும் வெயில் மாதங்களில் மூலப்பொருளும் மின்சாரமும் ஒன்றாகக் கிடைக்கும்.

வாவித் தண்ணீரைப் பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது லீற்றர் தண்ணீர் போதும். அதைச் சுத்தமாக்கும் செலவு மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரை நேரடியாக விட்டுக் குளோரைட்டுடன் மல்லுக்கட்ட எந்தத் தேவையும் இல்லை.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களுடன் புதிய ஊக்கி செய்வதில் போட்டியிட இங்கே கருவிகளும் பணமும் போதாது. போட்டியிடத் தேவையும் இல்லை. நிக்கல் நுரைத்தகடு மலிவானது, கடையில் வாங்கலாம். பெரிய ஆய்வுகூடங்களிடம் இல்லாதது ஹிங்குராணையின் உண்மையான பாகு, புழுங்கல் ஆலையில் நெல் ஊறிய தண்ணீர், சம்மாந்துறை உமியைக் காய்ச்சி எடுத்த கரைசல். இவற்றை ஒரே நிக்கல் மின்வாயில், செறிந்த நிலையில், ஒரு மாதம் தொடர்ந்து ஓட்டி, எத்தனை சதவீத மின்சாரம் போமேற்றாகியது, எத்தனை காபனேற்றாகி வீணாயிற்று, மின்வாயின் மேல் என்ன படிந்தது, ஒரு கிலோ விளைபொருளுக்கு எவ்வளவு காரம் செலவாயிற்று என்ற நான்கையும் அளந்து வெளியிட்டால் அந்த அட்டவணை உலகத்துக்கே தேவைப்படும். ஐதரசன் எவ்வளவு வந்தது என்பதை அதன் கடைசி நிரலில் போட்டுக்கொள்ளலாம்.